லூனாவைத் தொட்டது தப்பா, தடுத்தது தப்பா?

நெய்தல் எழுதியது:

ஓர்கா (கொலையாளித் திமிங்கிலம்) படங்கள் இழையில் லூனா என்ற குட்டியின் பெயர் வந்ததும் அங்கேயே மல்லுக்கட்டு தொடங்கிவிட்டது. படம் பார்க்க வந்தவர்கள் பாவம், அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்க–கனடா எல்லைக் கடலில், சியாட்டிலுக்கு வடக்கே சான் யுவான் தீவுகளைச் சுற்றிக் கோடையில் திரியும் ஓர்காக்களைத் 'தெற்கு வாசிகள்' என்பார்கள். ஜே, கே, எல் என்று மூன்று கூட்டம். 1999 செப்டம்பரில் எல் கூட்டத்தில் ஸ்பிளாஷ் என்ற தாய்க்குப் பிறந்தவன் எல்98 என்கிற லூனா. 2001 கோடையில் கூட்டம் திரும்பி வந்தபோது அவனைக் காணோம். செத்துவிட்டான் என்றே கணக்கில் எழுதினார்கள். ஆனால் அந்த ஜூலையில் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேலே, வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் நூட்கா சவுண்ட் என்ற மலைசூழ் கடல்வாயில் ஒரு குட்டி தன்னந்தனியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தது. வயது இரண்டுகூட ஆகவில்லை. உடம்பில் இருந்த அடையாளங்களை வைத்து லூனாதான் என்று பிறகு உறுதிசெய்தார்கள்.

கூட்டம் இல்லாதவன் படகுகளைக் கூட்டமாக்கிக்கொண்டான். மீன்பிடிப் படகு, மரம் இழுக்கும் படகு, சரக்குக் கப்பல் எது வந்தாலும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வான். தலையைத் தூக்கி, வாயைத் திறந்து நாக்கைக் காட்டுவான். ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்தால் புரண்டு புரண்டு விளையாடுவான். கண்ணை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு, படகில் இருப்பவர் முகத்தையே பார்ப்பான். ஜனங்களும் விடவில்லை, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அரசு தடை போட்டது. ஒரு பெண்மணி அவனைத் தொட்டதற்கு 100 டாலர் அபராதம் கட்டினார்.

என் கட்சி இதுதான்: தொட்டவர்கள்மேல் தப்பில்லை. அவனை வீட்டுக்கும் கொண்டுபோகாமல், இங்கேயும் யாரும் அவனோடு பழகக்கூடாது என்று வைத்திருந்தார்களே, அதுதான் தப்பு. இப்போது அடிக்கலாம்.

ஒழுங்குமுறை எழுதியது:

அடிக்கத்தான் வந்தேன்.

கனடாவில் கடல்வாழ் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 1993 முதலே விதி இருக்கிறது. அன்பாகத் தொட்டாலும் தொந்தரவுதான். டன் கணக்கில் எடை வரப்போகிற ஒரு மிருகம் படகுகளின் சுக்கானை அசைத்து விளையாடப் பழகுகிறது, கடலில் இறங்கும் விமானங்களின் மிதவையை முட்டப் பழகுகிறது. நாளைக்கு ஒருவர் தண்ணீரில் விழுந்தால் யார் பொறுப்பு? கோபப்பட்ட படகுக்காரர் ஒருவர் துப்பாக்கியை எடுத்தால்? இப்படிப் பழகியதால்தானே கடைசியில் படகிடமே போய்ச் செத்தான்?

மனிதனோடு பழகவிட்டால் காட்டு விலங்கு கெட்டுப்போகும். இது ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

சந்திரா டீச்சர் எழுதியது:

நான் இந்தக் கதையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். அம்மா எங்கே போனாள்? தேடவே இல்லையா? யானைக்கூட்டம் என்றால் குட்டிக்காகப் பள்ளத்தைச் சுற்றி ராத்திரி முழுக்க நிற்குமே.

கயல்விழி எழுதியது:

டீச்சர், அது நல்ல கேள்வி. முழுப் பதில் யாரிடமும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டங்களில் பிள்ளைகள் தாயை விட்டுப் போவதே கிடையாது. பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும்தான். இருபது முப்பது வயது ஆம்பளை ஓர்காகூட அம்மா பக்கத்திலேயே நீந்தும். இணை சேர வேறு கூட்டத்துக்குப் போய்விட்டு, மறுபடி அம்மாவிடமே வந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் குரல் வழக்கு உண்டு. குட்டி அதைத் தாயிடமும் உறவிடமும் கேட்டுக் கேட்டுத்தான் கற்கிறது. அதனால் லூனா தனியாகப் போனதே விசித்திரம்.

லூனாவின் தாய்மாமன், எல்39, அதே காலத்தில்தான் காணாமல் போனது. மாமன் பின்னால் போன குட்டி, மாமன் இறந்ததும் வழிதெரியாமல் அந்தக் கடல்வாயில் ஒதுங்கியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். நிரூபணம் இல்லை.

அம்மா தேடினாளா என்றால், எல் கூட்டம் வெளிக்கடல் வழியே போகும்போது அந்தப் பக்கம் கடந்திருக்கலாம். ஆனால் அவன் இருந்தது கரையிலிருந்து உள்ளே வளைந்து வளைந்து போகும் நீர்ச்சந்து. நடுவில் மலை. இவர்கள் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது, அவன் கூப்பிட்டால் இவர்களுக்குக் கேட்காது. 2002ல் ஸ்பிளாஷுக்கு இன்னொரு ஆண்குட்டி பிறந்தது. 2008ல் தாய், பிள்ளை இரண்டுமே காணாமல் போய்விட்டன.

ஒழுங்குமுறை சாருக்கு ஒன்று. 'பழகிக் கெட்டுப்போனது' என்பது உணவு கொடுத்துப் பழக்கிய குரங்குக்குப் பொருந்தும். லூனா ஒருவரிடமும் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. தன் மீனைத் தானே பிடித்தான். அவனுக்கு வேண்டியிருந்தது தொடுதலும் சத்தமும். அந்த நீர்ச்சந்தில் அவன் கடல்சிங்கம் குரைப்பதுபோலவே குரல் எழுப்பியதைப் பதிவுசெய்து 2006ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. பேச ஆள் இல்லாத இடத்தில், கேட்கிற சத்தத்தை எல்லாம் பேசிப் பார்த்திருக்கிறான்.

பாலா_பர்னபி எழுதியது:

வணக்கம். நான் வான்கூவர் பக்கம் கனகாலமாக இருக்கிறன். இங்க அந்த நேரம் பேப்பரைத் திறந்தால் லூனாதான். நீங்கள் எல்லாரும் ஒரு பெரிய ஆளை விட்டுவிட்டுக் கதைக்கிறீர்கள்: அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்.

நூட்கா சவுண்ட் மொவாசாட்–முச்சலாட் என்ற பழங்குடி மக்களின் கடல். 1778ல் கேப்டன் குக் வந்தது இந்தக் கடல்வாய்க்குத்தான். மக்குவினா என்பது அவர்களின் பரம்பரைத் தலைவர் பட்டம். அம்ப்ரோஸ் மக்குவினா என்ற பெரியவர் 2001 ஜூலையில் காலமானார். தான் ககாவின் ஆகத் திரும்பி வருவேன் என்று அவர் சொல்லியிருந்தாராம். ககாவின் என்றால் ஓர்கா. அவர் போய்ச் சில நாளில் இந்தக் குட்டி வந்து நிற்கிறது! அவர்கள் வைத்த பெயர் சுகீட். எங்களுக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அந்த ஊர்ச்சனத்துக்கு அவன் அநாதை இல்லை. விருந்தாளியும் இல்லை. செத்தவீடு முடிந்த கையோடு வீட்டுக்கு வந்த ஆள்.

2004 ஜூனில் மீன்வளத் துறை ஒரு திட்டத்தோடு வந்தது. கோல்ட் ரிவர் என்ற ஊரின் படகுத்துறையில் வலைக்கூண்டு கட்டி, படகால் லூனாவை அதற்குள் கூட்டிவந்து, லாரியில் ஏற்றி விக்டோரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெடர் குடாவுக்குக் கொண்டுபோவது. அங்கே எல் கூட்டம் கடந்து போகும்போது திறந்துவிடுவது. படகு அவனைக் கூண்டுப் பக்கம் இழுக்க, மற்றப் பக்கம் ஊர்ச்சனம் தோணி இறக்கித் துடுப்புப் போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். லூனா பாட்டுப் பக்கம் திரும்பித் தோணிக்குப் பின்னால போய்விட்டான். மறுநாளும் அதே கதை. ஒரு கிழமைக்கு மேல் இழுபறி. அவன் கூண்டு வாசல்வரை வந்தும் பிடிபடவில்லை. துறை கைவிட்டது.

ஒழுங்குமுறை எழுதியது:

> தோணி இறக்கித் துடுப்புப் போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்

பாலா அண்ணா, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டுதான் அவனைக் கொன்றது என்று நான் சொன்னால்?

ஸ்பிரிங்கர் கதையைப் பாருங்கள். அதே காலம், பக்கத்துக் கடல். ஏ73 என்ற பெண்குட்டி, வடக்கு வாசிகள் இனம். சட்லெஜ் என்ற அதன் தாய் உயிரோடு இல்லை. 2002 ஜனவரியில் சியாட்டில் பக்கத்தில் வாஷான் தீவுப் படகுத் துறையருகே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இளைத்துப்போய், தோல் நோயோடு, மிதக்கும் மரக்கட்டையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு கிடந்தது. எந்தக் கூட்டத்துப் பிள்ளை என்று அதன் குரலை வைத்தே கண்டுபிடித்தார்கள். ஜூனில் பிடித்து, மருந்து கொடுத்து, ஜூலை 13 அன்று வேகப் படகில் ஏற்றி ஜான்ஸ்டன் நீரிணைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே உறவுக்காரக் கூட்டம் அந்தப் பக்கம் வந்தது. வலையைத் திறந்தார்கள், போய்விட்டது. 2013ல் தாயானது, 2017ல் இரண்டாவது குட்டி.

ஒன்று பிடிபட்டது, பிழைத்தது. ஒன்று பிடிபடவில்லை, செத்தது. இதற்குமேல் என்ன விவாதம்?

கயல்விழி எழுதியது:

இந்த ஒப்பீட்டில் ஒரு வழுக்கல் இருக்கிறது சார். ஸ்பிரிங்கர் நோயாளி, அங்கேயே விட்டால் பிழைப்பது சந்தேகம். லூனா திடகாத்திரமாக இருந்தான். ஸ்பிரிங்கர் மனிதரோடு இருந்தது ஒரு பருவம். லூனாவைப் பிடிக்கத் துறை வந்தபோது அவன் தன் வாழ்நாளில் பாதிக்குமேல் படகுகளோடு கழித்துவிட்டான். ஸ்பிரிங்கருக்கு நடந்ததை லூனாவுக்குச் செய்ய வேண்டிய வருஷம் 2002. அப்போது 'தொடாதே, பார்க்காதே, தானாகப் போய்விடும்' என்று உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, ஸ்பிரிங்கரும் திறந்துவிட்டவுடன் சமர்த்தாகக் கூட்டத்தோடு போய்விடவில்லை. முதல் நாட்களில் மறுபடி படகுகளிடம் வந்தது. ஏ51 என்ற இளம்பெண் ஓர்கா, அதற்கும் தாய் கிடையாது, ஸ்பிரிங்கரைப் படகுகளிடமிருந்து ஒதுக்கி ஒதுக்கிக் கூட்டிப்போனது. மனிதர்கள் செய்தது போக்குவரத்து. சேர்த்துக்கொண்டது அவர்கள். எல் கூட்டத்தில் லூனாவுக்கு அப்படி ஒருவர் வந்திருப்பாரா? பெற்ற தாய் உயிரோடு இருந்தாள், அதனால் வாய்ப்பு அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் உறுதி என்று சொல்ல முடியாது.

கூடலூரான் எழுதியது:

உள்ளே வரலாமா? எங்கள் பக்கம் தெப்பக்காடு யானை முகாம் இருப்பதால் இந்தப் பேச்சு தினசரி ஓடும். 2023 டிசம்பரில் வால்பாறை பக்கம் பன்னிமேட்டில் பிரிந்த யானைக்குட்டியை ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடித் தாயோடு சேர்த்தார்கள். பிறகு அது தாய்மேல் சாய்ந்து தூங்கும் படத்தை நாடே பார்த்தது. 2024ல் மருதமலையில் நடந்தது வேறு. தாய் நோயில் விழுந்து, சிகிச்சை முடிந்து எழுந்து காட்டுக்குப் போனது. குட்டியைச் சேர்த்துவைக்க எவ்வளவோ பார்த்தும் தாய் ஏற்கவில்லை. குட்டி தெப்பக்காட்டுக்குத்தான் வந்தது.

அதனால் 'கொண்டுபோய் விட்டால் சேர்ந்துவிடும்' என்று சொல்பவர்கள், 'மனிதன் தொட்டால் சேராது' என்று சொல்பவர்கள், இரண்டு கட்சியும் என்னிடம் செல்லாது. சேரும், சேராமலும் போகும். சேராவிட்டால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே முடிவு பண்ணியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்குக் கும்கி முகாமாவது இருக்கிறது, பால் கரைத்துக் கொடுக்க மனிதர் இருக்கிறார். லூனாவுக்கு அந்தக் கடல்வாயில் என்ன இருந்தது?

பாலா_பர்னபி எழுதியது:

கூடலூரான் கேட்டதுதான் கேள்வி. சேராவிட்டால் என்ன என்று அந்தச் சனமும் கேட்டது. மீன் காட்சியகத்துக்குப் போகுமோ என்று பயந்தார்கள். இது வெறும் சந்தேகம் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இதே தெற்கு வாசிகளின் குட்டிகளைப் பிடித்துத்தான் உலகம் முழுக்கக் காட்சித் தொட்டிகளுக்கு விற்றார்கள். 1970 ஆகஸ்டில் பென் கோவ் என்ற இடத்தில் கூட்டத்தையே வலையால் வளைத்தார்கள். அங்க பிடிபட்ட டோக்கிடே என்ற பெண்குட்டி மயாமியில் ஒரு தொட்டியில் ஐம்பது வருஷத்துக்குமேல் இருந்து, ஊருக்குத் திருப்பி அனுப்பும் பேச்சு நடக்கும்போதே 2023 ஆகஸ்டில் செத்தது. அதுவும் எல் கூட்டத்துப் பிள்ளை என்றுதான் கருதுகிறார்கள். அந்தக் கடலோரத்துப் பழங்குடியான லம்மி மக்கள் அதைத் தங்கள் உறவு என்று சொல்லித் திருப்பிக் கேட்டுக் கேட்டு அலுத்தார்கள்.

அப்போ, குட்டியை வலையில் ஏற்றி 'குடும்பத்திடம் கொண்டுபோகிறோம்' என்றால் அந்தக் கரையில் யார் நம்புவது?

ஒழுங்குமுறைத் தம்பி, பாட்டுக் கொன்றது என்கிறது கொஞ்சம் கூடிப்போச்சு.

எஞ்சின்ரூம் ராஜா எழுதியது:

நான் இழுவைக் கப்பலில் வேலை பார்த்தவன். கொன்றது எது என்று நான் சொல்கிறேன்.

2006 மார்ச் 10. ஜெனரல் ஜாக்சன் என்ற இழுவைக் கப்பல், 104 அடி நீளம், வெளியே கடல் மோசமாக இருந்ததால் நூட்கா சவுண்டுக்குள் ஒதுங்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லூனா எப்போதும்போல விளையாட வந்தான். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் அடிக்கிற நீரோட்டத்தில் நிற்பது அவனுக்குப் பிடிக்கும், நுரை உடம்பில் படும் சுகம். சின்னப் படகின் அவுட்போர்டில் அதைச் செய்தால் ஒன்றும் ஆகாது. அவன் வருஷக்கணக்காகச் செய்ததும் அதுதான். கடலோடும் இழுவைக் கப்பலின் ப்ரொப்பெல்லர் வேறு ஜாதி. பின்னால் தள்ளுகிற அளவுக்கு முன்பக்கம் தண்ணீரை உறிஞ்சும். கப்பலை ஓட்டும் மேல்தளத்தில் நிற்பவருக்குக் கப்பலின் பின்பக்க நீர் தெரியாது. ஆறு வயது, அவ்வளவுதான்.

கேப்டனைத் திட்டுபவர்களுக்கு: அவன் வந்தால் எஞ்சினை நிறுத்தலாமே என்பீர்கள். காற்றில் எஞ்சினை நிறுத்தினால் கப்பல் பாறைக்குப் போகும். நெய்தல் சொல்கிறபடி 'பழகவிட்டிருந்தால்' இது நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றவில்லை. யார் பழகினாலும் அவனுக்குக் கப்பல்மேல் உள்ள ஆசை போயிருக்காது.

நெய்தல் எழுதியது:

ராஜா அண்ணே, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் இங்கேதான் என் வாதமே இருக்கிறது.

தடை போட்டதும் யார் விலகினார்கள்? சட்டத்துக்குப் பயந்த சின்னப் படகுக்காரர்கள், கரையில் நின்று கை நீட்டியவர்கள், அவனைக் கண்டதும் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள். வேலைக்கு வந்துபோகும் கப்பல்கள் விலகவில்லை, விலகவும் முடியாது. ஆபத்தில்லாத துணை எல்லாம் போய், ஆபத்தான துணை மட்டும் மிஞ்சியது. காவல் படகுகள் ஆட்களை விரட்டின, அவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்புறம் அவன் இன்னும் முரட்டுத்தனமாகப் படகுகளை முட்டினான் என்று அதையே குற்றமாக எழுதினார்கள். பழகுவதற்கென்று தெரிந்த நாலு பேரை, ஒரே படகை, ஒரே எஞ்சினை நியமித்து, கப்பல் வரும் நேரத்தில் அவனை வேறு பக்கம் கூட்டிப்போயிருக்கலாம். அப்படி யோசனை சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். எல் கூட்டம் வெளிக்கடலில் கடக்கும்போது அந்தப் படகின் பின்னாலேயே அவனைக் கூட்டிப்போய், குரல் கேட்கும் தூரத்தில் விடலாம் என்றும் சொன்னார்கள். வலையும் வேண்டாம், லாரியும் வேண்டாம். தோணிக்குப் பின்னால் போனவன் அங்கேயும் போயிருப்பான்.

ஒழுங்குமுறை எழுதியது:

போயிருப்பான், வந்திருப்பான் என்பதற்கு அரசு அனுமதி கொடுக்க முடியாது.

ஆனால் நாலு பேர் ஒரு படகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு வருகிறவர் போகிறவர் எல்லாம் தொடுவதற்குத்தான். பழங்குடி மக்களுக்கே 2005ல் காவல் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதையே 2002ல் கொடுத்திருக்கலாம்.

சந்திரா டீச்சர் எழுதியது:

அப்படியானால் நீங்கள் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றைத்தான் சொல்கிறீர்கள், இத்தனை பக்கம் சண்டை எதற்கு? 😀

எனக்கு இன்னொரு கேள்வி. இப்போது இப்படி ஒரு குட்டி வந்தால் என்ன செய்கிறார்கள்? ஏதாவது மாறியிருக்கிறதா?

பாலா_பர்னபி எழுதியது:

வந்ததே டீச்சர். 2024 மார்ச் 23, நூட்காவுக்குப் பக்கத்துக் கடல்வாய், செபாலோஸ் என்ற ஊர். ஒரு தாய் ஓர்கா காயலில் தரைதட்டிச் செத்தது. இரண்டு வயதுப் பெண்குட்டி உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரு பாலத்துக்குக் கீழே குறுகலான வாய்க்கால், ஓதம் ஏறும்போது மட்டும்தான் வெளியே போகலாம். அங்கத்தைய பழங்குடியான எஹாட்டெசாட் மக்கள் அதற்குக் க்வீசஹாயிஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்த முறை அவர்களும் மீன்வளத் துறையும் ஒரே பக்கம் நின்றார்கள். குரல் பதிவு போட்டுப் பார்த்தார்கள். ஏப்ரலில் பிடிக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடல்நாய் இறைச்சி கொடுத்தார்கள். ஏப்ரல் 26 விடியப்புறம் இரண்டரை மணிபோல, உயர் ஓதத்தில், அது தானாகவே பாலத்துக்குக் கீழால் வெளியே போய்விட்டது. போன கையோடு படகு ஒன்றும் கிட்டப் போகக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொண்டார்கள்.

கயல்விழி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. அது வேறு வகை ஓர்கா. மீன் தின்பவை அல்ல, கடல்நாய் தின்பவை. இவற்றில் சின்னச் சின்னக் குழுக்கள் பிரிவதும் சேர்வதும் சகஜம், அதனால் ஒரு குட்டி உறவைக் கண்டுபிடிக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். லூனாவோடு நேராக ஒப்பிடக்கூடாது. ஆனால் நெய்தல் கேட்பது இங்கே நடந்தது: அது காயலில் இருந்தவரை அதனிடம் போனவர்கள் யார், எதற்குப் போனார்கள் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. படகுக்கு விளையாட வரட்டும் என்று ஒருவரும் விடவில்லை, அதே சமயம் அதைத் தனியாக விட்டுவிட்டும் போகவில்லை.

எஞ்சின்ரூம் ராஜா எழுதியது:

நெய்தல் தம்பி, உன் 'ஒரே படகு ஒரே எஞ்சின்' யோசனைக்கு ஒரு திருத்தம். எஞ்சினே வேண்டாம். துடுப்புத் தோணிதான் சரி. எஞ்சின் சத்தத்துக்கு ஓடிவரப் பழக்கினால் எல்லா எஞ்சினுக்கும் வருவான். கப்பல் வருகிற நேர அட்டவணை துறைமுகத்தில் இருக்கும், வானொலியில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அரை மணி முன்னால் தோணியை மறுபக்கம் எடுத்தால் போதும். கோல்ட் ரிவரில் அப்படிச் செய்யக்கூடியவர்கள் ஒரு ஊரே இருந்தார்கள்.

ஒழுங்குமுறை எழுதியது:

குளிர்காலத்தில், புயலில், மார்ச் மாதத்தில், ராத்திரி பகலாக யார் துடுப்புப் போடுவது? சம்பளம் யார் கொடுப்பது? எத்தனை வருஷத்துக்கு? ஆண் ஓர்கா முப்பது வருஷம், அதற்கு மேலும் வாழும். இதற்குப் பதில் சொல்லுங்கள், நானும் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

பாலா_பர்னபி எழுதியது:

சம்பளம் கேட்டுத்தான் 2004ல் தோணி இறக்கினார்களோ, தம்பி?